பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது, ஃபோமட் செய்யவா?

வேண்டாம், அவசரப்பட்டு ஃபோமட் செய்துவிடாதீர்கள்! வெள்ளவத்தை கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்த பிறகுதான் இப்படி ஆனது என்கிறீர்கள். அந்தக் கடைக் கணினியில் நாள் முழுக்க யார் யாருடைய பென் டிரைவோ ஏறி இறங்கும். இது ஷார்ட்கட் வைரஸின் வேலை, அது பரவுவது அப்படித்தான். பெரும்பாலும் அது கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்து, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். அதைத் திறந்தால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உங்கள் ஃபோல்டரும் திறக்கும். அதனால் சந்தேகமே வராது.

எந்த ஷார்ட்கட்டையும் திறக்காமல், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து விண்டோஸிலேயே இருக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பகுதிக்குப் போய், மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவைப் போட்டு, சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பலர் இந்த இரண்டாவதை விட்டுவிட்டு, கோப்புகள் போய்விட்டன என்று கலங்குகிறார்கள். மங்கலாகத் தெரிபவற்றில்தான் உங்களுடையவை இருக்கும். சிலவேளை பெயரே இல்லாத ஃபோல்டருக்குள் இருக்கும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் கணினிக்கு எடுத்த பிறகு ஃபோமட் செய்யலாம்.

வீட்டுக் கணினியில் ஷார்ட்கட்டை ஏற்கனவே திறந்திருந்தால் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனும் ஓட்டுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகும், சுமார் 15 நிமிடம் பிடிக்கும்.

இனிக் கடைக்கென்று தனி பென் டிரைவ் வைத்து, அன்று பிரின்ட் எடுக்கும் பிடிஎஃப்பை மட்டும் அதில் போடுங்கள். அடையாள அட்டைப் பிரதியும் வங்கிக் கணக்கு விவரமும் அதில் கிடக்கவே கூடாது.