பழைய கால்களும் புதிய கால்களும்

கேள்வி: எங்கள் ஹாக்கி அணியில் ஏழு பேர் 33 வயதைத் தாண்டியவர்கள். நடவு, அறுப்பு வந்தால் பயிற்சிக்கு வருவதில்லை. மொத்தமாக மாற்றிவிட்டுப் பையன்களை இறக்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு சீசனுக்கு மூன்று பேரை மாற்றினால் போதும். அதற்கு மேல் போனால் தற்காப்பில் யார் யாருக்குக் குரல் கொடுப்பது என்பதே குழம்பிவிடும். கோல்கீப்பர், சென்டர் ஹாஃப் (நடுக்களத்தின் மையத்தில் ஆடுபவர்), ஒரு ஃபுல்பேக் (கோலுக்கு முன்னே தடுப்பவர்) மூத்தவர்களாகவே இருக்கட்டும். பையன்களை விங்கில், அதாவது மைதான ஓரங்களில் இறக்குங்கள். அங்கே பந்து பறிபோனாலும் திரும்பி ஓடிப் பிடிக்கலாம்.

ஆள் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. 15 நிமிடக் கால்பகுதியில் மூத்தவரை ஆறாவது நிமிடம் வெளியே எடுத்து, மூன்று நிமிடம் மூச்சு வாங்கவிட்டு மறுபடி அனுப்புங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பெனால்டி கார்னர் (தடுக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) கொடுத்துவிட்டால் அது முடியும்வரை ஆள் மாற்ற முடியாது. உங்கள் டிராக் ஃபிளிக்கர் (கார்னர் பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி கோலடிப்பவர்) அந்நேரம் பெஞ்சில் இருந்தால் கார்னர் வீண். ஆகவே இரண்டாவது ஃபிளிக்கராக ஒரு பையனை இப்போதே தயார் செய்யுங்கள். ஒரு பயிற்சிக்கு 20 பந்து போதும். கூடினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கார்னரைத் தடுக்கும் ஐவரில் முதலில் பாய்ந்து ஓடுபவர் இளையவர், கம்பத்தடியில் நிற்பவர் மூத்தவர்.

இந்திய அணியிலும் இப்படித்தான்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு மூத்த கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் விடைபெறும் முன்பே, பல ஆட்டங்களில் இளையவரான கிருஷன் பாதக் அவரோடு மாறி மாறி கோல் காத்தார்.