சுவரை இடிக்க அவசரம் வேண்டாம்

கேள்வி: அம்மாவுக்கு வயது 72. ஐந்து வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சில அடிகள் நடக்கிறார். அடுத்த வாரம் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். குளியலறையை முழுவதுமாக மாற்றி, மாடிப்படியில் ஆளை உட்காரவைத்து ஏற்றியிறக்கும் மின்நாற்காலி பொருத்த ஒப்பந்ததாரர் கொடுத்த மதிப்பீடு என் ஏழு மாதச் சம்பளம். நிரந்தர வைப்பில் பத்து மாதச் சம்பளம் அளவுக்குப் பணம் இருக்கிறது. அதை உடைக்கலாமா, தனிநபர் கடன் வாங்கலாமா? அண்ணன் பாதி தருவதாகச் சொல்கிறார்.

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பக்கவாதத்துக்குப் பிறகு உடல் தேறுவது முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக நடக்கும்; அதன்பின் மெதுவாகத் தொடரும். ஐந்தாவது வாரத்தில் அம்மா நடக்கும் நடையை வைத்து மாடிப்படிக்கு நாற்காலி வாங்கினால், ஆறாவது மாதத்தில் அது தேவைப்படாமலே போகலாம். வளைந்த படிக்கட்டுக்கு அளவெடுத்துச் செய்த, நாற்காலி ஓடும் தண்டவாளம் வேறு வீட்டுக்குப் பொருந்தாது. விற்றாலும் போட்ட பணம் வராது. கட்டிலைக் கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். அதற்கு இரண்டு ஆள் போதும்.

காத்திருக்கக் கூடாத வேலைகளும் உண்டு. இன்று இரவு வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, விளக்கைப் போடாமல், அம்மா படுக்கப்போகும் இடத்திலிருந்து கழிப்பறைக்கு மெதுவாகப் போய்ப் பாருங்கள். சுவிட்ச் எந்தப் பக்கம், தாழ்ப்பாளை இடது கையால் நீக்க முடிகிறதா, கால்மிதி நகர்கிறதா, நிலைப்படியில் கால் இடிக்கிறதா என்று எல்லாம் அந்தப் பத்தடியில் தெரிந்துவிடும். அங்கே இடறியவற்றைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அவற்றுக்கு ஆகும் செலவு ஒப்பந்ததாரரின் மதிப்பீட்டில் ஒரு மூலைக்குக்கூட வராது: கால்மிதியை எடுப்பது, இரவு விளக்கு, வழுக்காத தரைவிரிப்பு, குளிக்க உட்காரும் நாற்காலி, கைப்பிடிக் கம்பிகள்.

கம்பி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். துண்டு போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் வகையையும் நம்ப முடியாது. குறைந்தது 110 கிலோவைத் தாங்கும் கம்பி, சுவருக்குள் ஆழமாகத் திருகப்பட்டு, அம்மாவின் இடது கைக்கு எட்டும் பக்கம் இருக்க வேண்டும். பழக்கத்தில் வலப்புறம் பொருத்திவிட்டுப் போகும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். மாடி ஏறும்போது இடது கைக்கு வரும் கைப்பிடி, இறங்கும்போது வலப்பக்கம் போய்விடும். எனவே படியில் இருபுறமும் கைப்பிடி வேண்டும். வாசலில் சாய்தளம் போட்டால் ஓர் அளவு உயரத்துக்குப் பன்னிரண்டு அளவு நீளம். 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. கொத்தனார் பாதியில் முடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள்.

இதையெல்லாம் நிதி ஆலோசகன் ஏன் சொல்கிறேன் என்றால், பக்கவாதம் வந்தவர்கள் விழுந்தால் பெரும்பாலும் தளர்ந்த பக்கத்து இடுப்புதான் முறியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் படும் அடி இன்னும் ஆபத்து. அந்த ஒரு மருத்துவமனைச் செலவுக்கு முன் இந்தக் கம்பிகளின் விலை ஒன்றுமில்லை.

தலைப்பக்கம் உயரும் கட்டில், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி ஆகியவற்றை வாடகைக்கு எடுங்கள். மாத வாடகை விலையில் பத்தில் ஒரு பங்கு என்றால், பத்து மாதம் கடந்தால்தான் வாங்கியது லாபம். என் தந்தைக்கு நான் ஆசையாக வாங்கிய கட்டில் நான்காவது மாதத்திலிருந்து துணி மடித்துப் போடும் இடமாகத்தான் பயன்பட்டது.

உங்கள் மதிப்பீட்டில் இல்லாத செலவு ஒன்று இருக்கிறது: பராமரிக்க வருபவரின் சம்பளமும் இயன்முறை மருத்துவரின் கட்டணமும். டைல்ஸுக்கு ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. இவை மாதாமாதம் வரும். வைப்பை டைல்ஸுக்கு உடைத்துவிட்டால் மூன்றாவது மாதம் பராமரிப்புக்குக் கடன் வாங்க நேரிடும். முதலில் இவற்றுக்கான ஆறு மாதத் தொகையை ஒதுக்குங்கள். பிறகும் பணம் தேவைப்பட்டால் வைப்பை ஈடுகாட்டிக் கடன் கேளுங்கள். பொதுவாகத் தனிநபர் கடனைவிட வட்டி குறைவு. அண்ணனிடமும் ஒரே தடவையாகப் பாதி வாங்காமல், மாதச் செலவில் பாதி என்று பேசிக்கொள்ளுங்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது, போட்ட பணம் பின்னால் பாகத்தில் கழிக்கப்படுமா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அண்ணன் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்து இருவருக்கும் நினைவு ஒரே மாதிரி இருக்காது.

அம்மாவின் பெயரில் சேமிப்பு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதைத்தான் முதலில் தொட வேண்டும், அது அவருக்காகச் சேர்த்தது. வலது கையால் எழுதுபவர் என்றால் பழைய கையெழுத்து இனி வராமல் போகலாம், வங்கி காசோலையைத் திருப்பும். அவர் தெளிவாகப் புரிந்துகொண்டு சம்மதம் சொல்லும் நிலையில் இருக்கும்போதே, வங்கியில் புதிய கையெழுத்தோ கைநாட்டோ பதிவு செய்வது, நியமனதாரர் (நாமினி), அவர் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு உரிமை தரும் அதிகாரப் பத்திரம் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். மற்ற எதையும்விட இது அவசரம்.

காப்பீட்டுப் பாலிசி பெரும்பாலும் சிகிச்சைக்குத்தான், சுவர் வேலைக்கு அல்ல. உபகரண வாடகை தருவார்களா என்பதை மருத்துவரின் சீட்டோடு எழுத்தில் கேளுங்கள், செலவு செய்வதற்கு முன்பே.

ஒப்பந்ததாரரிடம் மதிப்பீட்டைக் கம்பி, கைப்பிடி, சாய்தளம், குளியலறை, மின்நாற்காலி என்று தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். முதல் மூன்றை அம்மா வருவதற்குள் முடித்துவிடலாம். மற்ற இரண்டையும் ஆறாவது மாதம், இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்து அம்மா நடப்பதைப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.