மூன்று இரவு பப் மேடை: முதன்முறை பாடப்போகிறவருக்கு

கேள்வி: வயது 22. எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றிருக்கிறேன். சென்னையில் ஒரு ஹோட்டல் பப்பில் வெள்ளி, சனி, ஞாயிறு பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு இரவுக்கு 45 நிமிடமாக மூன்று சுற்று. கீபோர்டும் கிட்டாரும் அவர்கள் ஏற்பாடு. எப்படித் தயாராவது? மூன்றாம் நாள் வரை தொண்டை தாங்குமா?

பதில்: தாங்கும். பப்பில் தொண்டையைக் கெடுப்பது பெரும்பாலும் இரைச்சல்தான். தன் குரல் தன் காதில் விழாதபோது எவரும் அறியாமலே உரக்கப் பாடத் தொடங்குவார்கள். இதை லொம்பார்டு விளைவு என்பார்கள். ஆகவே முதல் வேலை சவுண்ட் செக், அதாவது ஆட்கள் வருமுன் மைக்கையும் ஸ்பீக்கரையும் பாடிச் சரிபார்ப்பது.

காலி ஹாலில் குரல் கணீரென்று கேட்கும், அதை நம்பிவிடாதீர்கள். ஆட்கள் நிறைந்ததும் மேல் அலைவரிசைகள் உறிஞ்சப்பட்டு, பேச்சுச் சத்தமும் ஏறிவிடும். மானிட்டரில் (பாடுபவரை நோக்கி வைக்கும் ஸ்பீக்கரில்) முதலில் உங்கள் குரலை மட்டும் வைக்கச் சொல்லுங்கள், பிறகு சுருதி பிடிக்கும் அளவுக்குக் கீபோர்டு. நடுவில் குரல் கேட்காமல் போனால் மற்றதைக் குறைக்கச் சொல்லுங்கள். மானிட்டரில் குரலின் அளவை ஏற்றிக்கொண்டே போனால் ஸ்பீக்கர் ஊளையிடும்.

எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக் முன்னால் வரும் ஒலியை வாங்கி, பின்னால் வருவதை ஒதுக்கும். மானிட்டர் மைக்கின் வால் பக்கம் இருக்கட்டும். வலைத்தலையைக் கையால் பொத்தினால் ஒதுக்கும் தன்மை போய்க் கீச்சிடும். கச்சேரியில் மைக்கைத் தள்ளி வைத்துப் பாடிப் பழகியிருப்பீர்கள். இங்கே இரண்டு விரற்கடை தூரம் போதும், மேல் ஸ்தாயியில் ஒரு சாண் வரை விலகலாம். நெருங்கிப் பாடும்போது கீழ்ச் சுரங்கள் கும்மென்று வீங்கினால், மிக்ஸரில் 80–100 ஹெர்ட்ஸில் லோ கட் (அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைப்பது) போடச் சொல்லுங்கள்.

அடுத்தது சுருதி. சினிமாப் பாட்டை ஒரிஜினல் சுருதியில்தான் பாடவேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பல்லவியை வைத்துச் சுருதி முடிவு செய்கிறவர்கள் சரணத்தில் மாட்டிக்கொள்வார்கள். பாட்டின் உச்ச சுரம் எதுவோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். மூன்றாம் சுற்றுப் பாட்டுகளை இன்னும் அரைக் கட்டை இறக்குங்கள், அந்நேரம் குரல் களைத்திருக்கும். 45 நிமிடத்துக்கு ஒன்பது, பத்துப் பாட்டு. மூன்று சுற்றுக்கு 30, கையிருப்பாக இன்னும் பத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே சுருதி எழுதி, வாசிப்பவர்களுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கட்டைக் கணக்கு அவர்களுக்குப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம்: ஐந்து கட்டை என்பது மேற்கத்தியக் கணக்கில் ஜி, ஆறு கட்டை ஏ. கீபோர்டின் ரிதம் ஓடத் தொடங்கிவிட்டால் உங்களுக்காகக் காத்திருக்காது. விருத்தமோ ஆலாபனையோ வேண்டுமென்றால் ரிதத்துக்கு முன்பே பாடி முடித்து, கையசைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

குரலை ஒரிஜினலுக்காக வளைக்கவேண்டாம் என்பதற்கு இதே ஊரில் சாட்சி உண்டு. 1969-ல் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில் பாப் பாடகி உஷா உதுப் புடவையோடு நின்று பாடினார். பிடித்துப்போன உரிமையாளர் ஒரு வாரம் பாடச் சொன்னார். உஷா முறையாகச் சங்கீதம் கற்காதவர். பள்ளிப் பாட்டு வகுப்பில் அந்தக் கனத்த குரலுக்கு இடம் கிடைக்கவில்லை. அதே குரல்தான் பிறகு கொல்கத்தா ட்ரிங்காஸ் உணவகத்திலும் டெல்லி ஓபராய் ஹோட்டலிலும் ஒலித்தது. டெல்லியில் கேட்ட தேவ் ஆனந்த் குழுவினர் சினிமாவுக்கு அழைத்தார்கள். உடையிலும் உங்களுக்கு எது இயல்போ அதுவே போதும்.

முதல் சுற்றில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டு பேசுவார்கள். மெல்லிய பாட்டுகளை வையுங்கள். கைதட்டல் வராவிட்டால் வாடவேண்டாம், பேச்சு தடைப்படாமல் பின்னணியில் நிற்பதே அந்நேர வேலை. இரண்டாம் சுற்றில் வேகத்தை ஏற்றுங்கள். இந்தப் பாட்டைப் பாடுங்கள் என்று எழுதித் தரும் விருப்பச் சீட்டுகள் மூன்றாவதில் குவியும். வரிகள் முழுசாகத் தெரியாத பாட்டை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இடைவேளையில் ஹாலுக்குள் உட்கார்ந்து பேசவே கூடாது. ஸ்பீக்கர் பாட்டை மீறிப் பேசும் 15 நிமிடம், தொண்டையை அறுத்துவிடும். வெளியே போய் வெறும் தண்ணீர் குடியுங்கள். ஏசி தொண்டையை உலர்த்தும். பாடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாடு முடியட்டும். நள்ளிரவில் பிரியாணி சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி, காலையில் குரல் கரகரக்கும். கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேசியதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்: சுற்றுகள், நேரம், தொகை, அட்வான்ஸ், ரத்தானால் என்ன, சவுண்ட் செலவு யாருடையது, பாடல் உரிமக் கட்டணம் ஹோட்டலுடையது என்பது. இரவு வீடு சேர்க்கும் வண்டியையும் அதிலேயே சேருங்கள். பாதித் தொகை முன்பணமாக வராமல் தேதியை உறுதி செய்யாதீர்கள். அடுத்த தேதிகளைப் பற்றி மேனேஜரிடம் சனிக்கிழமை இரவே கேளுங்கள். ஞாயிறு கடைசிச் சுற்று முடியும்போது அவர் பில் கணக்கில் இருப்பார்.