உருண்டை எழுத்துக்கு உரிமக் கட்டணமா?

கேள்வி: கோவையில் இட்லி மாவும் பொடியும் பாக்கெட்டில் விற்கிறேன். பாக்கெட்டுக்கும் கடைப் பலகைக்கும் ‘பலூ தம்பி’ என்ற தடித்த உருண்டை எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தோம். அதன் உரிமத்துக்கென்று வடிவமைப்பாளர் தனியாக 4,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா? அச்சகத்தில் எழுத்துகள் உடைந்து வந்தது ஏன்?

பதில்: கொடுக்க வேண்டியதில்லை. பலூ தம்பி, மும்பையின் ஏக் டைப் குழுவினர் உருவாக்கி, ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் என்னும் திறந்த உரிமத்தின் கீழ் வெளியிட்ட எழுத்துரு. கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். மலையாளத்தில் சேட்டன், தெலுங்கில் தம்முடு என்று பல மொழிகளில் அதற்கொரு உறவுப் பெயர் உண்டு. வடிவமைப்பாளர் தம் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம். இலவசமாகக் கிடைப்பதற்கு ‘லைசென்ஸ்’ என்று ரசீது போடுவது நியாயமன்று. இந்த ஏமாற்று வேலையை வாரத்துக்கு ஒருமுறையாவது கேள்விப்படுகிறேன்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. இந்த எழுத்துருக் கோப்பைத் தனிப் பொருளாக விற்கக் கூடாது. நீங்கள் விற்பது மாவு, எழுத்துரு அன்று. ஆகவே எத்தனை ஆயிரம் பாக்கெட் அச்சிட்டாலும் இது உங்களைத் தொடாது. உங்கள் பெயர்ப்பலகைக்காக ஓர் எழுத்தின் வாலை நீட்டி வரைந்தாலும் அது வெறும் படமே. ஆனால் எழுத்துருக் கோப்பையே திருத்திப் பிறருக்கு வழங்கினால், அதையும் இதே உரிமத்தின் கீழ்தான் வழங்க வேண்டும். பென் டிரைவில் நிரப்பி ‘தமிழ் ஃபாண்ட் 500’ என்று விற்பவர்களே இந்த விதிக்கு அஞ்ச வேண்டியவர்கள், அவர்களோ அஞ்சுவதில்லை.

‘பொடி’யில் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நின்றது எழுத்துருவின் குற்றமன்று. அச்சகத்தின் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை 2010-லேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்றும் பல அச்சகங்களில், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்துத் தரச் சொல்கிறார்கள், கேட்டால் ‘சிஸ்டம் அப்படி’ என்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கட்டாமல், எழுத்துப் பிழை பார்த்து முடித்தபின், வடிவமைப்பாளரிடமே ‘கர்வ்’ போட்டு வாங்கிக் கொடுங்கள். எழுத்து கோட்டோவியமாகிவிடுவதால் உடையாது. கர்வ் போட்டபின் விலையைத் தட்டச்சு செய்து மாற்ற இயலாது. ஆகையால் மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

இவ்வெழுத்து பெயருக்கும் விலைக்கும் ஏற்றது, சேர்மானப் பட்டியலுக்கு அன்று. பிளாஸ்டிக் உறையில் மை சற்றே பரவினாலும் மூன்று சுழி ‘ண’வின் உள்வெளி அடைபட்டு, அது இரண்டு சுழி ‘ன’வைப் போலத் தோன்றும், புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பலூ தம்பி 2 என்ற பிந்தைய பதிப்பில் ஐந்து தடிமன்கள் உள்ளன. சிறிய வரிகளுக்கு அவற்றில் மெல்லியதை எடுத்து, உண்மையான அளவில் ஒரே ஒரு உறையை அச்சிடச் சொல்லி, கடை வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பார்த்தபின் முன்பணம் கொடுங்கள்.