போனில் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை!

கேள்வி: ஒரே மோடம்தான். வைஃபையில் போன் ஓடுகிறது. கேபிள் மாட்டிய கம்ப்யூட்டரில் மட்டும் இன்டர்நெட் இல்லை. ஏன்?
– வாசகர், காசிமேடு

பதில்: போனில் வருவதால் வெளி லைனில் கோளாறில்லை. கேபிள் செருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் மோடத்தில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். காசிமேட்டு உப்புக்காற்றில் கேபிள் முனையின் 8 உலோகத் தகடுகளும் பாசி நிறத்தில் அரித்துவிடலாம். தயவுசெய்து சுரண்டாதீர்கள், முலாம் போய்விடும். அரித்திருந்தால் புதுக் கேபிள் மாற்றுவதே எளிய வழி.

விளக்கு எரிந்தால், விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளை அடிக்கும் திரை) 'ipconfig' (ஐபிகான்ஃபிக்) என்று அடியுங்கள். ஐபிவி4 (IPv4) முகவரி, அதாவது நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரின் எண், 169.254 என்று தொடங்கினால், மோடத்திடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. மோடத்தை 30 விநாடி அணைத்துப் போட்டு, கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

முகவரி 192.168 என்றிருந்தும் தளங்கள் திறக்கவில்லையா? அதே திரையில் 'ping 8.8.8.8' (பிங்) கொடுங்கள்; இது கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரி. பதில் வந்தால் சிக்கல் பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை). நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் முகவரியாக அதே 8.8.8.8-ஐப் போடுங்கள்.