யார் வென்றால் யார் அமைச்சர்? திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

செப்டெம்பர் 21, 2024 ஜனாதிபதித் தேர்தல். இதை எழுதும்போது அதற்கு இரண்டு கிழமைகூட இல்லை, ‘இப்போது’ என்று நான் சொல்வதெல்லாம் அந்த நேரத்து நிலைமை. முன்னணியில் நிற்பவர்கள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச, தேசிய மக்கள் சக்தியின் அநுரகுமார திசாநாயக்க மூன்று பேர். சந்தையிலும் கடற்கரையிலும் வாக்கு யாருக்கு என்ற பேச்சு முடிந்து, வென்றவர் யாரை அமைச்சராக்குவார் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. அரச அலுவலகமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அமைச்சுகள் பிரிவதும் சேர்வதும் கடதாசியாக என் மேசைக்கு வந்த காலம் உண்டு. அதனால் பலர் என்னிடம் கேட்டார்கள். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பெயர்களைப் பற்றி நான் சொல்வதெல்லாம் என் கணிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி: அண்ணை, அநுரவிடம் மூன்று எம்பிமார்தானே இருக்கிறார்கள். வென்றால் அமைச்சரவையை எப்படி அமைப்பார்?

தம்பி, முதலில் பார்க்க வேண்டிய கணக்கே இதுதான். அரசியலமைப்பின்படி அமைச்சராக வருபவர் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவரைக் கொண்டுவந்து நேரே கதிரையில் இருத்த முடியாது. தேசிய மக்கள் சக்தியிடம் இப்போது இருப்பவர்கள் அநுரகுமார, விஜித ஹேரத், ஹரிணி அமரசூரிய மூன்று பேர். அநுர ஜனாதிபதியானால் அவருடைய கொழும்பு ஆசனம் காலியாகி, அதே பட்டியலில் அடுத்தவர் உள்ளே வருவார். ஆகவே கையில் மறுபடி மூன்று பேர், மேலே ஜனாதிபதி. அவ்வளவுதான். மற்றக் கட்சிக்காரரைச் சேர்த்து அரசாங்கம் அமைக்க மாட்டோம் என்பது அவர்களுடைய முழுப் பிரசாரத்தின் அடிப்படை. அதனால் நாலு பேர் எல்லா அமைச்சையும் பங்குபோட்டுக்கொண்டு, சில நாட்களுக்குள் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டுத் தேர்தலுக்குப் போவார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தப் பாராளுமன்றம் 2020 ஓகஸ்டில் கூடியது. இரண்டரை வருடம் எப்போதோ தாண்டிவிட்டது, எனவே கலைப்பதற்குத் தடையில்லை. கலைத்தால் மூன்று மாதத்துக்குள் புதிய பாராளுமன்றம் கூட வேண்டும்.

பிரதமர் ஹரிணியா விஜிதவா என்று கேட்டால், ஹரிணி என்பேன். படித்த நடுத்தர வர்க்கத்தையும் பெண்களையும் கட்சியின் பழைய அடையாளத்துக்கு வெளியே கூட்டி வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, அந்த முகத்தை முன்னால் வைக்க விரும்புவார்கள். உண்மையான அமைச்சரவை பொதுத்தேர்தலுக்குப் பிறகுதான் வரும். அதற்கு இன்றைக்கே பெயர் சொல்பவர்களை நம்பாதீர்கள், அந்த எம்பிமாரே இன்னும் தெரிவாகவில்லை.

கிண்ணியா: சேர், சஜித் வந்தால் ஹக்கீம், ரிஷாட் இரண்டு பேருக்கும் அமைச்சு நிச்சயமா? நம்மட மாவட்டத்துக்கு என்ன கிடைக்கும்?

டீச்சர், இரண்டு பேரும் சஜித்தோடு நிற்கிறார்கள், மனோ கணேசனும் நிற்கிறார். மூன்று கட்சித் தலைவர்களுக்கும் அமைச்சரவையில் இடம் கொடுக்காமல் அவரால் ஆட்சி நடத்த முடியாது. எனவே இது ஏறக்குறைய நிச்சயம். நிதிக்கு ஹர்ஷ டி சில்வா, எரான் விக்கிரமரத்ன, கபீர் ஹாசிம் மூன்று பெயர் அடிபடுகின்றன. நான் ஹர்ஷவைச் சொல்வேன். அரச நிதி பற்றிய குழுவின் தலைவராக இருந்து கணக்கு வழக்கைக் கரைத்துக் குடித்தவர், சர்வதேச நாணய நிதியத்தோடு பேச அப்படி ஒருவர் வேண்டும்.

நம்முடைய மாவட்டத்துக்கு வருவோம். 225 ஆசனத்தில் திருகோணமலைக்கு நாலு. இப்போது இம்ரான் மஹ்ரூப், தௌபீக், கபில அத்துகோரள, சம்பந்தன் ஐயா ஜூன் 30இல் காலமான பிறகு வந்த குகதாசன். சஜித் வென்றால் இம்ரானுக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் கெபினட் அமைச்சாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அமைச்சரவை 30 பேரைத் தாண்டக் கூடாது, இராஜாங்க, பிரதி அமைச்சர்கள் 40ஐத் தாண்டக் கூடாது. அந்த 30இல் கொழும்பு, கண்டி, குருநாகல், கம்பஹா மூத்தவர்கள் முன் வரிசையில் நிற்கிறார்கள், கட்சித் தலைவர்களும் நிற்கிறார்கள். நாலு ஆசன மாவட்டத்துக்குப் பெரும்பாலும் அந்த 40இல்தான் இடம் வரும். 2019இல் சஜித்துக்கு இந்த மாவட்டம் அள்ளிக் கொடுத்தது, இந்த முறையும் இங்கே அவர்தான் முன்னுக்கு நிற்பார். அவ்வளவு வாக்குக்குப் பிறகும் பிரதி அமைச்சோடு திருப்திப்பட வேண்டுமா என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது, கேளுங்கள்.

நிலாவெளி: ரணில் வென்றால் பழைய முகங்களேதானா?

உடனடியாக அப்படித்தான். அலி சப்ரி, டக்ளஸ், ஜீவன் தொண்டமான் எல்லோரும் அவரோடு இருக்கிறார்கள், நிதியை இப்போதுபோல அவரே வைத்திருப்பார். பிறகு பொதுத்தேர்தல்.

மூதூர்: ஐயா, எம்பியாக இல்லாத ஒரு பொருளாதார நிபுணரை, ஒரு பேராசிரியரைக் கொண்டுவரவே முடியாதா?

முடியும், தேசியப்பட்டியல் கதவால். மாவட்டத்தில் வாக்குக் கேட்டு வெல்லாமலே, கட்சி நாடு முழுக்க வாங்கிய வாக்குக்கு ஏற்ப 29 பேர் அப்படி வருகிறார்கள். லக்ஷ்மன் கதிர்காமர் 1994இல் அந்த வழியால் வந்துதான் வெளிவிவகார அமைச்சரானார். நடுவிலும் செய்யலாம். 2021இல் ஒருவர் பதவி விலகி இடம் கொடுக்க, பசில் ராஜபக்ஷ உள்ளே வந்து நிதியமைச்சரானார். 2022இல் பசில் விலகிய இடத்தில் தம்மிக்க பெரேரா வந்தார். கதவு நல்லவருக்கும் திறக்கும், வேண்டப்பட்டவருக்கும் திறக்கும். எனவே பொதுத்தேர்தல் வந்தால் கட்சிகள் கொடுக்கும் தேசியப்பட்டியலை ஊன்றிப் படியுங்கள். நிதிக்கும் நீதிக்கும் யாரை நினைத்திருக்கிறார்கள் என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

ரொறன்ரோ (பிறந்தது சாம்பல்தீவில்): அண்ணா, புலம்பெயர்ந்த தமிழர் ஒருவரை முதலீட்டு அமைச்சராக்குவார்கள் என்று இங்கே கதைக்கிறார்கள். நடக்குமா?

இரட்டைக் குடியுரிமை இருந்தால் நடக்காது தங்கச்சி. 2022இல் வந்த 21ஆம் திருத்தம் அந்தக் கதவை மூடிவிட்டது. ஆலோசகராக வரலாம், தூதுவராகவும் வரலாம்.

திருக்கடலூர்: கடற்றொழில் அமைச்சு யாருக்குப் போகும்? எங்களுக்கு அதுதான் முக்கியம்.

ரணில் வென்றால் இப்போது அந்த அமைச்சை வைத்திருக்கும் டக்ளஸ் கேட்பார், கிடைக்கவும் கூடும். சஜித், அநுர இருவரில் யார் வந்தாலும் புது ஆள்தான். ஆனால் தம்பி, உங்கள் கரையில் சண்டை சுருக்குவலையால். அனுமதிப்பத்திரம் யாருக்கு, எத்தனை மைலுக்கு வெளியே, எந்தக் கண் அளவு, யார் கடலில் போய்ப் பிடிக்கிறது என்பதுதான் விஷயம். அதை நடத்துவது கடற்றொழில் திணைக்களம், பிடிப்பது கடற்படை. கடற்படை பாதுகாப்பு அமைச்சின் கீழ், அது ஜனாதிபதியிடம். வருகிற கடற்றொழில் அமைச்சர் ஜனாதிபதியிடம் நேரே போய்ப் பேசக்கூடிய ஆளா, கடைசி வரிசையில் இருந்து கை தூக்கும் ஆளா என்பதைப் பாருங்கள். அவர் எந்த ஊர், எந்த இனம் என்பதைவிட உங்களுக்கு அது முக்கியம்.

சேனையூர்: தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்கப் போவதாக முதலாம் திகதி வவுனியாவில் முடிவெடுத்துவிட்டது. வென்றால் அமைச்சுப் பதவி எடுப்பார்களா?

எடுக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. அதற்குக் காரணம் நம்முடைய ஊரிலேயே இருக்கிறது, இளம் ஆட்களுக்கு இது தெரிய வேண்டும்.

1965இல் டட்லி சேனநாயக்கவின் அரசில் தமிழரசுக் கட்சி சேர்ந்தது. தெரிவான எம்பிமார் யாரும் பதவி எடுக்கவில்லை. செனட் சபையில் இருந்த மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபைகள் வரும் என்ற நம்பிக்கையோடு போனார்கள், அந்தச் சட்டமூலம் கைவிடப்பட்டது. திருச்செல்வம் வெளியே வந்ததற்கு உடனடிக் காரணம் கோணேசர் கோயில். பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கும் கோயில் சூழலைப் புனித பிரதேசமாக அறிவிக்கலாமா என்று பார்க்க அவர் ஒரு குழுவை நியமித்தார். பௌத்த தேரர் ஒருவர் எதிர்த்துப் பிரதமருக்கு எழுதினார். பிரதமர் தன்னுடைய அமைச்சரவையில் இருந்த அமைச்சரையே தாண்டி அந்தக் குழுவின் வேலையை நிறுத்தினார். 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார், கட்சியும் அரசை விட்டு வெளியேறியது. அதற்குப் பிறகு அந்தக் கட்சி இன்றுவரை அமைச்சுப் பதவி எடுக்கவில்லை. 2015இல் கூட சம்பந்தன் ஐயா எதிர்க்கட்சித் தலைவராகத்தான் இருந்தார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. திருச்செல்வம் கெட்டிக்கார வழக்கறிஞர், பிரதமருக்கு மதிப்பிருந்த ஆள், கையில் முழு அமைச்சு இருந்தது. அப்படியிருந்தும் ஒரு குழுவை நடத்தி முடிக்க முடியவில்லை. ஆகவே நம்மவர் ஒருவர் கெபினட்டில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதாது. அவருக்கு எதை ஒப்படைத்தார்கள், எதைக் கையில் வைத்துக்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

கன்னியா: தொல்பொருள் திணைக்களம் யார் கையில் போகும் என்று சொல்ல முடியுமா ஐயா?

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. கன்னியாவிலும் திரியாயிலும் தென்னமரவடியிலும் காணி வைத்திருப்பவர்களுக்கு நிதியமைச்சரைவிட இதுதான் பெரிய கேள்வி.

பதவிப்பிரமாணம் நடக்கும்போது எல்லோரும் தொலைக்காட்சியில் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு அதிவிசேட வர்த்தமானி வரும், அதைத் தேடி எடுங்கள். ஒவ்வொரு அமைச்சுக்கும் மூன்று நிரல் இருக்கும். முதல் நிரலில் விடயங்களும் பணிகளும், இரண்டாவதில் அந்த அமைச்சின் கீழ் வரும் திணைக்களங்களும் கூட்டுத்தாபனங்களும், மூன்றாவதில் அது நடைமுறைப்படுத்தும் சட்டங்கள். இரண்டாவது நிரலில் தொல்பொருள் திணைக்களம் எந்த அமைச்சின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது, வனப் பாதுகாப்புத் திணைக்களம் எங்கே, துறைமுக அதிகாரசபை எங்கே என்று பாருங்கள். நான் வேலை செய்த காலத்தில் அந்த நிரலில் ஒரு வரி இடம் மாறினால் எங்கள் கடிதத் தலைப்பு மாறும், முத்திரை மாறும், அரைவாசியில் நின்ற கோப்பைத் திருப்பி அனுப்பி "உரிய அமைச்சுக்கு விண்ணப்பிக்கவும்" என்று எழுத வேண்டி வரும். காணிக்காரர் மறுபடி பஸ் ஏறி வருவார். அவருடைய முகத்தைப் பார்ப்பது கஷ்டம்.

இப்போது தொல்பொருள் புத்தசாசன, சமய, கலாசார அலுவல்கள் அமைச்சின் கீழ் இருக்கிறது. யார் வென்றாலும் அதைப் பெரிதாக மாற்றுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாற்றினால், புத்தசாசனத்திலிருந்து பிரித்து கல்வியோடோ கலாசாரத்தோடோ தனியாக வைத்தால், அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், அமைச்சர் மட்டும் போதாது. 2020இல் கிழக்குக்கென்று ஒரு தொல்லியல் செயலணியை அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய நேரடியாக அமைத்தார், பாதுகாப்புச் செயலாளர் தலைமையில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லாமல். எந்த அமைச்சரின் கையெழுத்தும் அதற்குத் தேவைப்படவில்லை. மறுபக்கம், 2023 ஜூனில் திரியாய், குருந்தூர்மலைக் காணி விவகாரத்தில் ஜனாதிபதி ரணில் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்க, அவர் பதவி விலகினார். இரண்டும் ஜனாதிபதியிடமிருந்தே வந்தன. ஆகவே உங்களிடம் வாக்குக் கேட்டு வருபவரிடம் "தொல்பொருளை யாருக்குக் கொடுப்பீர்கள், கிழக்குக்கு மறுபடி செயலணி போடுவீர்களா" என்று இப்போதே கேளுங்கள். வென்ற பிறகு கேட்டால் பதில் வராது.

சீனக்குடா: எண்ணெய்க் குதங்கள் எந்த அமைச்சரிடம்?

வலுசக்தி அமைச்சு. 99 குதங்களில் 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு, கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம் என்று 2022 ஜனவரியில் ஒப்பந்தமானது. அமைச்சர் மாறினாலும் இது மாறாது. இந்தியாவோடு பேசுவது எப்போதும் ஜனாதிபதிதான்.

பாலையூற்று: ஹரினும் மனுஷவும் கட்சி மாறி அமைச்சராகி ஆசனத்தையே இழந்தார்கள். இனிமேல் தாவ மாட்டார்களா?

தாவத் தயங்குவார்கள். கடந்த மாதம் உயர் நீதிமன்றம் அவர்கள் இருவரையும் கட்சி நீக்கியது செல்லும் என்றது. அதற்கு முன் 2023இல் மட்டக்களப்பு நஸீர் அஹமட் அமைச்சராக இருக்கும்போதே ஆசனத்தை இழந்தார். கணிக்கிற எங்களுக்கு இது பெரிய உதவி. எதிர்க்கட்சியிலிருந்து பத்துப் பேரை இழுத்து அமைச்சரவையை நிரப்பும் பழைய கணக்கு இனி அவ்வளவு சுலபமில்லை.

குச்சவெளி: சங்குக்குப் போட்டால் அமைச்சரவையில் ஒரு பங்கும் இல்லையே?

இல்லை. சங்குச் சின்னத்தில் நிற்கும் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை, அது ஒரு செய்தி சொல்வதற்கான வாக்கு. ஆனால் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பத்தெரிவு போடலாம். ஒருவரும் 50 வீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இரண்டு பேரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் தெரிவை எண்ணுவார்கள். 1982இலிருந்து ஒருமுறையும் அது தேவைப்படவில்லை, இந்த முறை மூன்று பேர் போட்டி, தேவைப்படலாம். சங்குக்கு ஒன்றைப் போட்டாலும் இரண்டை வெறுமையாக விடாதீர்கள்.

ஓர்ஸ் ஹில்: அமைச்சரவையைப் பற்றியே கேட்கிறார்கள். ஆளுநர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லையே?

சரியான கேள்வி, முதலிலேயே வந்திருக்க வேண்டியது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஏழு வருடமாக இங்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாகாண வீதி, ஆசிரியர் இடமாற்றம் எல்லாம் ஆளுநர் கையில். அவரை ஜனாதிபதி தனியாக நியமிக்கிறார், பிரதமரின் ஆலோசனை வேண்டாம், எம்பியாக இருக்கவும் தேவையில்லை. சஜித் வந்தால் கிழக்கின் முஸ்லிம் கட்சிகள் இதற்கும் கேட்பார்கள், தமிழரசுக் கட்சியும் ஒரு பெயரை மறுக்கவாவது கேட்கும். ரணில் வந்தால் செந்தில் தொண்டமான் தொடரக்கூடும். அநுர வந்தால் அரசியல்வாதியாக இல்லாத ஒருவரை, ஒரு பேராசிரியரையோ ஓய்வு பெற்ற நிர்வாகியையோ போடுவார் என்று நினைக்கிறேன். பெயர் அமைச்சரவைப் பட்டியலோடு வராது, சில நாள் முந்தியோ பிந்தியோ செய்தியில் நாலு வரியாக வரும். வரும்போது அவர் தமிழில் ஒரு மனுவை வாசிக்கக்கூடியவரா என்று முதலில் விசாரித்துப் பாருங்கள்.