ஒரே கப்பல், இரண்டு காரணங்கள்

கேள்வி: கடந்த ஜூன் பள்ளி விடுமுறையில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 71 வயதுத் தாயார் ஆகிய ஐவரும் பயண முகவர் நிறுவனம் ஒன்றின் மூலம் நான்கு நாள் வியட்னாம் சுற்றுலா சென்றோம். தலைக்கு 1,180 சிங்கப்பூர் வெள்ளி கட்டினோம். ஹாலோங் விரிகுடாவில் ஓர் இரவு கப்பலில் தங்கலாம் என்பதற்காகவே இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே போன பிறகு, வானிலை சரியில்லை என்று கூறிப் பகலில் நான்கு மணி நேரம் படகில் சுற்றிக்காட்டிவிட்டு, இரவு கரையிலிருந்த ஹோட்டலில் தங்கவைத்தார்கள். வானிலை என்பது பொய், எங்களை ஏமாற்றிவிட்டார்கள். அன்று மாலை வேறு கப்பல்கள் விளக்குகளோடு இருந்ததைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தமிழ் பேசும் வழிகாட்டி வருவார் என்று முன்பதிவின்போது சொன்னார்கள், வரவில்லை. சைவ உணவு மட்டுமே உண்ணும் தாயாருக்கு மீன் சாறு ஊற்றி வதக்கிய கீரையைப் பரிமாறினார்கள். முத்துக் கடையிலும் பட்டுக் கடையிலும் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். தாயார் ஹோட்டல் அறையில் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. நிறுவனம் இப்போது தலைக்கு 150 வெள்ளி பற்றுச்சீட்டு (வவுச்சர்) தருவதாகக் கூறி, ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறது. எனக்கு 20,000 வெள்ளி இழப்பீடு கிடைக்குமா? கூடுதல் தகவல்: பயணக் காப்புறுதியிலும் கோரிக்கை போட்டிருக்கிறேன். அதற்கு நிறுவனமே கடிதம் கொடுத்தது.
– யீஷூன் வாசகர், சிங்கப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை நீங்கள் கூடுதல் தகவல் என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கே அவற்றில்தான் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், மற்றவற்றை ஒதுக்கிவிடுகிறேன்.

தமிழ் பேசும் வழிகாட்டி பற்றிய வாக்குறுதி, நீங்கள் இணைத்திருக்கும் பயணத் திட்டத்திலும் இல்லை, கட்டண ரசீதிலும் இல்லை. முன்பதிவின்போது வாய்மொழியாகச் சொன்னதை அந்த ஊழியர் மறுத்துவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. கடைகளில் நிறுத்துவது திட்டத்தில் அச்சிடப்பட்டே இருக்கிறது. சைவ உணவு ரசீதில் குறிப்பிடப்பட்டிருப்பதால் அது ஒப்பந்த மீறல்தான், ஆனால் சில வேளை உணவின் விலைக்கு மேல் அதற்கு மதிப்புப் போட முடியாது. தாயாரின் கண்ணீர் எனக்குப் புரிகிறது, ஆயினும் அது சட்டக் கணக்கில் அதிகம் ஏறாது.

சட்டத்தின் பார்வையில் கேள்வி ஒன்றுதான்: அன்றிரவு கப்பல் ஏன் புறப்படவில்லை?

ஹாலோங்கில் சுற்றுலாப் படகுகள் தாமாக நினைத்தபோது கிளம்பிவிட முடியாது. துறைமுக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். காற்று மாறினால் பகலில் படகுகளை விட்டுவிட்டு இரவுத் தங்கலை மட்டும் நிறுத்திவைப்பதும் உண்டு. 2025 ஜூலை 19 அன்று அதே விரிகுடாவில் சுற்றுலாப் படகு ஒன்று திடீர்ப் புயல்காற்றில் கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைச் செய்தியில் படித்த எந்த நடுவரும், எச்சரிக்கை கருதிக் கப்பலை எடுக்காத ஒருவரைத் தண்டிக்க விரும்பமாட்டார். தடை இருந்திருந்தால் நிறுவனத்தின் மீது தவறு சொல்ல இடமில்லை. கொடுக்காத இரவுக்கும் கொடுத்த ஹோட்டலுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை மட்டும் கேட்கலாம். மாறாக, தடை எதுவும் இல்லாமல், அங்குள்ள ஏற்பாட்டாளர் அளவுக்கு மீறி முன்பதிவு செய்துவிட்டோ, அறைக்குப் பணம் செலுத்தாமல் விட்டுவிட்டோ வானிலையின் மேல் பழியைப் போட்டிருந்தால், அது தெளிவான ஒப்பந்த மீறல். “பயணத் திட்டத்தை முன்னறிவிப்பின்றி மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு” என்ற சிறிய எழுத்து அப்போது அவர்களைக் காப்பாற்றாது, ஏனெனில் எதிர்பார்த்ததற்கு முற்றிலும் வேறான ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்ள உதவும் விதிமுறை நியாயமானதா என்று பார்க்க, நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் இடம் தருகிறது.

இதில் எது நடந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தப் புகைப்படம். நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாலை 7.40 மணி, நான்கைந்து கப்பல்கள், எல்லாத் தளத்திலும் விளக்கு. அவை போய்க்கொண்டிருந்தனவா, கட்டிக்கிடந்தனவா என்று படம் சொல்லவில்லை. புறப்பட அனுமதி கிடைக்காத கப்பலும் விளக்கைப் போட்டுத்தான் நிற்கும். தவிர, பக்கத்திலுள்ள லான் ஹா விரிகுடா ஹாய் ஃபோங் நிர்வாகத்தின் கீழ் வருவது, ஹாலோங் குவாங் நின் மாநிலத்தைச் சேர்ந்தது. ஓர் இடத்தில் கப்பல் ஓடியது என்பதால் மறு இடத்தில் தடையில்லை என்று ஆகிவிடாது. எனவே அந்தத் தேதிக்குரிய துறைமுக அறிவிப்பின் நகலையும், உள்ளூர் ஏற்பாட்டாளர் அவர்களுக்கு அனுப்பிய செய்தியையும் தரும்படி நிறுவனத்துக்கு எழுதுங்கள். உண்மையில் தடை இருந்திருந்தால் அதைக் காட்ட அவர்களுக்கு இரண்டு நாள் போதும். மூன்று வாரம் மௌனமாக இருந்தால் அந்த மௌனத்துக்கும் ஒரு பொருள் உண்டு.

இனி அந்தக் காப்புறுதிக் கோரிக்கை.

நீங்கள் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடலில், ஊர் திரும்பிய மூன்றாம் நாள், நிறுவன ஊழியருக்கு நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “அண்ணே, வெதர் காரணம்னு ஒரு லெட்டர் கொடுங்க, இன்சூரன்ஸ்ல போடணும்.” அவரும் மறுநாளே கடிதத்தாளில் அப்படியே கொடுத்துவிட்டார். கொடுக்காமல் என்ன செய்வார்? அவருக்கு வேண்டிய வாக்குமூலத்தை நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். அந்தக் கடிதத்தை இணைத்து, “கடுமையான வானிலையால் கப்பல் பயணம் ரத்தானது” என்று காப்புறுதிப் படிவத்தில் கையெழுத்திட்டு, தலைக்கு 300 வெள்ளி வீதம் 1,500 வெள்ளி கேட்டிருக்கிறீர்கள். இப்போது எனக்கு எழுதும் கடிதத்தில், வானிலை என்பது பொய், நிறுவனம் ஏமாற்றியது என்கிறீர்கள்.

இந்த இடத்தில் என்னிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் விழுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். காப்புறுதி ஒரு பக்கம், பயண முகவர் மறு பக்கம், இரண்டும் வேறு வேறு கோப்பு, எது முதலில் வந்தாலும் சரி என்ற நினைப்பு. ஆனால் இரண்டு கோப்புகளிலும் இருப்பது ஒரே இரவைப் பற்றிய உங்கள் சொந்தச் சொல். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் உங்களுக்காக நானோ வேறு வழக்கறிஞரோ வந்து பேச முடியாது. நீங்களே பேச வேண்டும். எதிர்த்தரப்பு ஊழியர் தம் கைப்பேசியைத் திறந்து அந்த “வெதர்” செய்தியைப் பதிவாளரிடம் காட்டினால், அதை விளக்க உங்கள் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அந்தக் கட்டத்தில் உங்கள் புகைப்படம், ரசீது, தாயாரின் கீரை எல்லாம் மேசையின் ஓரத்துக்குப் போய்விடும். அன்று முழுவதும் உங்களைப் பற்றியே பேச்சு நடக்கும்.

மன்றத்தில் தோற்பதாவது பணத்தோடு போகும். காப்புறுதிப் பக்கம் அதைவிடக் கவனம் வேண்டும். அன்று படிவத்தில் கையெழுத்திட்டபோது வானிலைதான் காரணம் என்று நீங்கள் உண்மையாகவே நம்பியிருந்தால், அதில் குற்றம் எதுவும் இல்லை. அவர்கள் சொன்னதை நம்பி எழுதினீர்கள். ஆனால் இன்று அது பொய் என்று நம்பிக்கொண்டே அந்தக் கோரிக்கையை நிலுவையில் வைத்து, பணம் வந்தால் வாங்கிக்கொள்வீர்கள் என்றால், இந்த நாளிலிருந்து நிலைமை வேறு. பொய்யென்று தெரிந்து ஒருவரைப் பணம் கொடுக்க வைப்பது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 420ஆம் பிரிவில் ஏமாற்றுக் குற்றம், அதற்கான உச்ச தண்டனை பத்தாண்டு சிறை. 1,500 வெள்ளிக்காக உங்களை அந்த அளவுக்குக் கொண்டுபோவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆயினும் அரசாங்க வேலையிலோ வங்கியிலோ இருப்பவருக்கு ஒரு விசாரணைக் கடிதம் வந்தாலே போதும், அதற்குப் பிறகு வியட்னாம் பற்றிய கோபம் எங்கே போனது என்று தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. காப்புறுதி என்பது இழந்ததை ஈடுசெய்வது, அதற்கு மேல் தருவதன்று. முகவரிடமிருந்து வாங்கியதையோ வாங்கவிருப்பதையோ கழித்துக்கொண்டுதான் காப்புறுதி நிறுவனம் கொடுக்கும், படிவத்திலும் வேறு எங்கேனும் ஈடு பெறுகிறீர்களா என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் அந்தக் கட்டத்தில் “இல்லை” என்று குறியிட்டிருந்தால், பற்றுச்சீட்டுப் பேச்சு தொடங்கிய அன்றே அந்தப் பதில் பழசாகிவிட்டது. தவிர, உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, தவறு செய்தவரிடமிருந்து அதை வசூலிக்கும் உரிமை காப்புறுதி நிறுவனத்துக்கு மாறும். அவர்களைக் கேட்காமல் முகவரிடம் “எல்லாக் கோரிக்கையும் இத்துடன் தீர்ந்தது” என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால், அவர்களுடைய வழியை நீங்கள் அடைத்துவிட்டதாகச் சொல்லிக் கோரிக்கையை மறுக்க இடமிருக்கிறது. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் காப்புறுதி நிறுவனம், அப்புறம் முகவர்.

இப்போது பணக் கணக்கு. 20,000 வெள்ளி என்பது நடுவர் மன்றத்தின் உச்சவரம்பு. இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அது 30,000 வரை போகும். அது உங்கள் வழக்கின் விலை அன்று. நீங்கள் ஐவரும் கட்டியதே 5,900 வெள்ளி, அதில் விமானம், ஹனோய் ஹோட்டல், பேருந்து, உணவு எல்லாம் கிடைத்திருக்கின்றன. நண்பகலில் ஏறி மறுநாள் காலை பத்து, பதினொரு மணிக்கு இறங்கும் அந்தக் கப்பல் தங்கலில் இருந்து, நீங்கள் அனுபவித்த பகல் படகையும் ஹோட்டலையும் கழித்தால், தலைக்கு 150 முதல் 250 வெள்ளி வரை நிற்கும் என்பது என் கணிப்பு. மனவருத்தத்துக்கு இழப்பீடு என்பதற்கு எல்லோரும் காட்டும் வழக்கு ஒன்று உண்டு. 1972இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், சுவிட்சர்லாந்து விடுமுறை பாழான ஒருவருக்கு, அவர் கட்டிய 63 பவுண்டுக்குச் சற்று மேலான தொகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக 125 பவுண்டு கொடுத்தது. அவருக்கு விளம்பரத்தில் சொன்ன விடுமுறையில் பெரும்பகுதி கிடைக்கவில்லை, இரண்டாம் வாரம் விடுதியில் அவர் ஒருவரே விருந்தினர். உங்களுக்கு மூன்று இரவுகளில் ஒன்று போயிற்று. அதை வைத்து ஒரு சிறு தொகை கூட்டிக் கேட்கலாம், ஆயிரங்களை எதிர்பார்க்காதீர்கள்.

எனவே என் ஆலோசனை நேரடியானது: சமரசம் செய்துகொள்ளுங்கள். ஆனால் இப்போது வைத்திருக்கும் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். அதன் மூன்றாவது விதி, கப்பல் ரத்தானதற்கு வானிலையே காரணம் என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வதாகச் சொல்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு, எந்தத் தரப்பும் தவறை ஒப்புக்கொள்ளாமல் தீர்த்துக்கொள்வதாக எழுதச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு வேண்டாம், பணமாகக் கேளுங்கள். ஓராண்டுக்குள் அதே நிறுவனத்தில் மீண்டும் பயணம் செய்தால்தான் அந்தச் சீட்டுக்கு மதிப்பு, இடையில் அவர்கள் கடையை மூடிவிட்டால் நீங்கள் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கடைசியில் நிற்பீர்கள். தலைக்கு 200 வெள்ளி, ஐவருக்கும் 1,000 வெள்ளி என்று எழுதுங்கள். 900க்கு இறங்கினாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன், இந்த வாரத்திலேயே, காப்புறுதி நிறுவனத்துக்கு ஒரு சிறிய கடிதம் போக வேண்டும். கப்பல் ரத்தானதற்கான காரணத்தை முகவர் சொன்னபடியே படிவத்தில் குறிப்பிட்டதாகவும், அந்தக் காரணம் குறித்து இப்போது உங்களுக்குச் சந்தேகம் இருப்பதாகவும், முகவருடன் ஈட்டுத்தொகை பற்றிப் பேச்சு நடப்பதாகவும், அது முடியும்வரை கோரிக்கையை நிறுத்திவைக்கும்படியும் எழுதுங்கள். குற்ற ஒப்புதல் மாதிரி நீட்டி எழுத வேண்டாம். துறைமுக அறிவிப்பு வந்து, தடை உண்மைதான் என்று தெரிந்தால், அந்தக் கோரிக்கையைத் தொடரத் தடையில்லை. அப்போது முகவரிடம் கேட்பது விலை வித்தியாசம் மட்டும் என்று ஆகிவிடும், காப்புறுதியிடமும் அதைக் கழித்துவிட்டுத்தான் கேட்க முடியும்.

சமரசம் படியாவிட்டால் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். கப்பல் ரத்தான நாளிலிருந்து இரண்டாண்டு அவகாசம் உண்டு, அவசரமில்லை. 5,000 வெள்ளிக்குள் கேட்டால் மனுக்கட்டணம் பத்து வெள்ளிதான். அங்கே தமிழ் வழிகாட்டியையும் முத்துக் கடையையும் பேசாதீர்கள், பதிவாளர் தரும் நேரம் குறைவு. பயண முகவர்களுக்கு உரிமம் தரும் பயணத்துறைக் கழகத்தில் புகார் செய்வதாக மிரட்டிப் பணம் கேட்பதும் வேண்டாம். புகார் செய்ய வேண்டியிருந்தால் செய்யுங்கள், பேரத்தில் வைக்காதீர்கள். முகநூலில் நிறுவனத்தின் பெயரோடு “திருட்டுக் கும்பல்” என்று போட்டிருக்கும் பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். கப்பல் ஏன் புறப்படவில்லை என்று உங்களுக்கே இன்னும் தெரியாத நிலையில், அவதூறு வழக்கு வந்தால் உண்மை என்ற எதிர்வாதத்தை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இல்லை.